சாவியும் ஓர் அமானிதமே

ஊருக்குப் புறப்படுகின்றவர் தம் வீட்டுச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வதுண்டு. அவர் திரும்பி வரும்வரை அச்சாவி அண்டை வீட்டாரிடத்தில் அமானிதம். மதுரை செல்லூரில் தறியோசைக்கு நடுவே அமைந்திருந்த எங்கள் இல்லத்தில் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று வாயிற்கதவின் சாவி. அஃது ஆண்டில் பாதி நாள் பக்கத்து வீட்டு நெசவாளர் குடும்பத்தாரிடமே இருக்கும். மற்றொன்று என் பாட்டனாரின் பச்சை நிற இடைவாரின் பையை விட்டு இறங்கியதே இல்லை. அது துப்பாக்கிப் பெட்டியின் சாவி. அந்த இரண்டாம் சாவியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றேன்.

எழுதத் தூண்டியவன் என் தங்கையின் மகன். ஊருக்கு வெளியே தோட்டத்துடன் ஒரு வீடு கட்டியிருக்கின்றான். அக்கம்பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. அண்மையில் என்னைக் காண வந்தவன், "மாமு, நம் வீட்டில் அந்தக் காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்ததாமே! அந்த உரிமத்தைக் காட்டி, அதற்கு மாற்றாகப் புதிய துப்பாக்கி ஒன்று வாங்கிவிட இயலாதா?" என்று வினவினான். அவனுடைய தாய் அருகில்தான் அமர்ந்திருந்தாள். அவள் என்னை நோக்கினாள். நான் அவளை நோக்கினேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று எங்கள் இருவர் நினைவிலும் ஒருசேர எழுந்தது. அதனை அவன் அறியான். அவன் மட்டுமன்று, கல்லூரியில் பயிலும் இளைஞர் பலரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

நன்னா என்று நாங்கள் அழைத்த என் பாட்டனாருக்குச் செல்லூரில் கைத்தறி ஜவுளித் தொழில். அழகர்மலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பும், அதனை ஒட்டிக் கிணற்றுப் பாசனத்தில் கடலை விளையும் சிறு நிலமும் இருந்தன. கடலை முற்றும் காலத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் கூட்டமாய் இறங்கும். ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பை உழுது போட்டுவிடும். அவற்றை விரட்டுவதற்காக நன்னா அவர்கள் உரிமம் பெற்று ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார்கள்.

அது குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகையைச் சார்ந்தது. முதலில் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் துணியோ நாரோ வைத்து இரும்புக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பின்னர் ஈயக் குண்டுகள். மீண்டும் ஓர் அடைப்பு. இறுதியாகக் குழலின் பின்புறத்து முளையில் 'கேப்பு' எனப்படும் சிறு செப்பு மூடியைப் பொருத்த வேண்டும். விசையை அழுத்தினால் குதிரை இறங்கிக் கேப்பின்மீது அடிக்கும்; அதன் பொறி மருந்தைப் பற்றும். தோட்டாத் துப்பாக்கியாயின் குழலைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம். இதில் அது எளிதன்று. கெட்டித்த மருந்தைச் சுட்டுத்தான் தீர்க்க வேண்டும். அல்லது திருகு கம்பியால் மெல்லத் தோண்டி எடுக்க வேண்டும். குழலுக்குள் மருந்து இருக்கின்றதா இல்லையா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியவே தெரியாது. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றேன்.

1973-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. எனக்கு வயது பன்னிரண்டு, தங்கைக்கு ஒன்பது. முந்தைய இரவு தோப்பில் காவலிருந்த நன்னா அவர்கள், கோடை மழை வலுத்ததால் துப்பாக்கியைச் சுடாமலேயே விடியலில் வீடு திரும்பினார்கள். கேப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் துணி உறையுடன் அலமாரிக்குப் பின்னே சாய்த்துவிட்டு, சுபுஹு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குச் சென்றார்கள். தொழுகை முடிந்ததும் வந்து பெட்டியில் வைத்துப் பூட்டலாம் என்பது எண்ணம். அந்தச் சிறு இடைவெளி போதுமானதாயிற்று.

நான் உறையைக் கழற்றினேன். கூடத்தில் பாய் சுருட்டிக்கொண்டிருந்த தங்கையை நோக்கித் துப்பாக்கியை நீட்டினேன். இரு கைகளாலும் குதிரையை இழுத்து நிறுத்தினேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே விசையை அழுத்தினேன். 'டக்' என்ற ஓசை மட்டும் எழுந்தது. வாயிலில் நிழலாடியது. நன்னா அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்கள் என்னை அடிக்கவில்லை. ஒரு சொல் கடிந்து பேசவுமில்லை. துப்பாக்கியை வாங்கி அந்த இடத்திலேயே அமர்ந்துவிட்டார்கள். அன்று பிற்பகல் என்னைத் தோப்புக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரு கேப்பைப் பொருத்தி, தென்னை மரத்தடியில் குவித்திருந்த மண்ணை நோக்கிச் சுட்டார்கள். மலை எதிரொலித்தது. மண் குவியல் சிதறிக் குழியாயிற்று. "இது காலையில் உன் கையிலே இருந்ததடா" என்று மட்டும் கூறினார்கள். என் தங்கைக்கும் மரணத்துக்கும் இடையே அன்று நின்றது விரல் நுனியளவேயான ஒரு செப்பு மூடி. அதனைக் கழற்றி வைத்த பழக்கம் அவர்களிடம் இருந்தது. பூட்டி வைக்கும் பழக்கம் அன்று ஒரு தொழுகை நேரத்துக்குத் தவறிப்போயிற்று.

மஃரிபுக்குப் பின் நன்னா அவர்கள் எங்கள் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்கள். தாமே குற்றவாளி என்று தொடங்கினார்கள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புடன் செல்பவர், பிறர்மீது பட்டுவிடாதவாறு அதன் கூர்முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை எடுத்துரைத்தார்கள். உருவிய வாளை உறையின்றி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கொடுப்பதைப் பெருமானார் (ஸல்) தடுத்திருப்பதைச் சொன்னார்கள். உடன்பிறந்தவனை நோக்கி விளையாட்டாகக்கூட ஆயுதத்தை நீட்டுவது வானவர்களின் சாபத்துக்கு உரியது என்ற எச்சரிக்கையைக் கூறும்பொழுது அவர்கள் குரல் தழுதழுத்தது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர், துப்பாக்கி என்னும் கருவியே உலகில் தோன்றாத காலத்தில், ஆயுதத்தைக் காக்கும் முறைக்கு இத்துணை நுட்பமான வழிகாட்டுதல் இருந்திருக்கின்றது. எண்ணிப் பார்த்தால் அவை யாவும் ஒரே கருத்தில் வந்து முடிகின்றன: ஆயுதம் வைத்திருப்பவன் பிறருடைய அச்சத்துக்கும் பொறுப்பாளி.

அன்று முதல் எங்கள் இல்லத்தில் ஒரு நடைமுறை ஏற்பட்டது. துப்பாக்கியில் வீட்டுக்குள் மருந்து கெட்டித்தல் கூடாது. தோப்பை விட்டுக் கிளம்புமுன் குழல் காலியாயிருத்தல் வேண்டும். துப்பாக்கி ஒரு தேக்குப் பெட்டியில். மருந்தும் குண்டும் வேறோர் அறையில், அடுப்படிக்கு எட்டாத இடத்தில், வேறொரு பூட்டுக்குள். கேப்புகள் மூன்றாவதோர் இடத்தில். பெட்டிச் சாவி நன்னாவின் இடைவாரில். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையை விட்டு மதுரைக்கு எழுந்தருளும் நாள்களில், தோப்புக்குச் செல்லும் அழகர்கோவில் சாலை முழுதும் மக்கள் வெள்ளமாய் இருக்கும். அந்நாள்களில் பன்றி எத்துணை நாசம் விளைத்தாலும் துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே வராது. திருவிழாக்கள், சமய ஊர்வலங்கள், பொதுக்கூட்டங்கள் ஆகியவற்றுக்கு ஆயுதத்தை எடுத்துச் செல்லலாகாது என்பது உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. நன்னா அவர்களோ அதனை நிபந்தனையாகக் கொள்ளாமல் மரியாதையாகக் கொண்டிருந்தார்கள்.

இங்கே சட்டத்தின் வரலாற்றைச் சிறிது கூறுவது பொருந்தும். ஆங்கிலேய அரசு 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. அந்த அவமதிப்பைத் தேசிய இயக்கம் மறக்கவில்லை. 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்தது. எனினும் விடுதலைக்குப் பின், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவ்வுரிமையைச் சேர்க்கக் கோரிய திருத்தத்தை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. சபையும் அதனைத் தள்ளிற்று. பின்னர் இயற்றப்பட்ட 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்றளவும் நடைமுறையில் உள்ளது. ஆகவே நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையன்று. சமுதாயத்தின் சார்பில் அரசு ஒருவரை நம்பி அளிக்கின்ற அனுமதி. நம்பி அளிக்கப்படுவது யாதாயினும் நம் வழக்கில் அதற்கு அமானிதம் என்பதே பெயர்.

அந்த அனுமதியும் காரணத்தோடு கட்டுண்டது. பயிர்ப் பாதுகாப்புக்கென உண்மையாகவே தேவைப்படும் உழவர்க்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கான உரிமத்தை அச்சட்டம் தனியே குறிப்பிடுகின்றது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டுப்பன்றியை அனுமதியின்றிக் கொல்வது குற்றமாயிற்று. நன்னா அவர்கள் வெற்று மருந்தை வெடித்து ஓசையால் மட்டுமே விரட்டினார்கள்.

1982-இல் நன்னா அவர்கள் வஃபாத்தானார்கள். மூன்றாம் நாள், வீட்டில் உறவினர் கூட்டம் கலையுமுன்னரே, என் அத்தா அவர்கள் துப்பாக்கியை எடுத்துச் சென்று காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்று வந்தார்கள். "இவ்வளவு அவசரமா?" என்று சிலர் வியந்தனர். உரிமம் பெற்றவர் மறைந்தபின் அத்துப்பாக்கி வீட்டில் இருப்பதே முறையற்றது என்பதை அத்தா அறிந்திருந்தார்கள். வாரிசு என்பதனால் தோப்பு நமக்கு வந்து சேரும். துப்பாக்கி அவ்வாறு வந்து சேராது. அத்தா அவர்கள் தம் பெயரில் விண்ணப்பித்து, விசாரணைகள் முடிந்து, உரிமம் கைக்கு வந்தபின்னரே துப்பாக்கி வீடு திரும்பியது. இடைவாரும் சாவியும் அத்தாவிடம் வந்தன.

அதன்பின் பதினோர் ஆண்டுகள் கடந்தன. கிணறு வற்றியது, தென்னை பட்டது. 1993-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோப்பை விற்க நேர்ந்தது. அது எத்தகைய காலம் என்பதை மூத்தோர் அறிவர். முந்தைய டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டிருந்தது. வடபுலத்து நகரங்களிலிருந்து நாள்தோறும் வந்த செய்திகள் நெஞ்சைப் பிளந்தன. எங்கள் தெருவில் எவரும் எவரையும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆயினும் இரவுகளில் உறக்கம் குறைந்திருந்தது.

அச்சமயத்தில் என் மாமு ஒருவர் அத்தாவைத் தேடி வந்தார். "மச்சான், தோப்புதான் போயிற்றே, இந்தப் பழங்காலத் துப்பாக்கி இனி எதற்கு? உரிமத்தைக் கைவிட்டுவிட வேண்டாம். மனுப்போட்டு, இதனைக் கொடுத்துவிட்டு, மாற்றாக இரட்டைக் குழல் தோட்டாத் துப்பாக்கி ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது. வீட்டில் ஒன்று இருந்தால் தைரியம்" என்றார். அவர் அச்சத்தில் பேசினார், அன்பினாலும் பேசினார். இரண்டையும் நான் இன்றும் குறை கூற மாட்டேன். அன்று எனக்கும் அவர் சொன்னதே சரியென்று பட்டது.

அத்தா அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மாப்பிள்ளை, பன்றிக்காக வாங்கிய உரிமம் இது. பன்றி போனபின் அந்த இடத்திலே மனிதனை நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்றார்கள். அதன்பின் பக்கத்து வீட்டுச் சுவரைச் சுட்டினார்கள். "நம் வாசற்கதவுச் சாவி இருபது வருடமாக அந்த வீட்டு ஆணியில் தொங்குகிறது. நாம் ஊருக்குப் போகும்போதெல்லாம் நம் வீட்டுக்கு விளக்கேற்றுபவர்கள் அவர்கள். இந்தப் பெட்டிக்குள் அவர்களை எண்ணி ஒரு தோட்டாவை வைத்துவிட்டு, நாளைக்கு அந்தச் சாவியை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பேன்?" என்று கேட்டார்கள். மாமுவிடம் மறுமொழி இல்லை. நானும் தலைகுனிந்தேன்.

அவ்வாரமே அத்தா அவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். பயிர்க் காரணம் நீங்கிவிட்டபடியால் உரிமத்தை நீக்கிவிடுமாறு எழுதிக் கொடுத்து ரசீது பெற்றார்கள். எங்கள் தெருவில் அவ்வாண்டும் அதன்பின்னும் ஒரு கல்லும் விழவில்லை. துப்பாக்கி இல்லாமையால்தான் விழவில்லை என்று நான் வாதிட முன்வரவில்லை. துப்பாக்கி இருந்திருந்தால், அவ்வமைதியான இரவுகளிலும் நாங்கள் அமைதியின்றி இருந்திருப்போம் என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவேன்.

பரந்த உலகின் அனுபவமும் இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றது. 1996 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே மனிதன் 35 பேரைச் சுட்டுக்கொன்றான். பன்னிரண்டு நாள்களுக்குள் அந்நாட்டின் அரசுகள் அனைத்தும் கூடிப் புதிய உடன்பாட்டுக்கு வந்தன. துப்பாக்கி வேண்டுவோர் உண்மையான காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும்; தற்காப்பு என்பது காரணமாகாது; துப்பாக்கியையும் குண்டுகளையும் தனித்தனியே பூட்டிவைக்க வேண்டும் என்று வகுத்தன. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தன. 2019 மார்ச் 15-ஆம் நாள் வெள்ளிக்கிழமை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டனர். கொலைஞன் முறைப்படி துப்பாக்கி உரிமம் பெற்றவன். காகிதம் சரியாக இருந்தது. காகிதத்துக்குப் பின்னே இருந்த மனத்தை ஆராய்ந்தவர் இல்லை. உரிமம் வழங்கும் இடத்தில் விழிப்புணர்வு ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

இனி, தங்கையின் மகனுக்கு நான் அளித்த விடைக்கு வருகின்றேன். "தம்பி, கைவிடப்பட்ட உரிமத்துக்கு மாற்று என்று ஒன்றில்லை. உரிமம் குடும்பச் சொத்தன்று. குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட காரணத்துக்காக, குறிப்பிட்ட ஒரு துப்பாக்கியை வைத்துக்கொள்ள அளிக்கப்படும் இசைவு. உரிமம் உயிரோடு இருப்பவர்கூடத் தம் துப்பாக்கியை மனம்போல் மாற்றிக்கொள்ள இயலாது. உரிமம் வழங்கும் அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். தனியொருவர்க்கு விற்பதாயின் முன்னரே எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள்கள் கழிந்தபின்னரே விற்கலாம். நீ வேண்டுவது புதிய உரிமம். அதற்குப் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். மாநகர எல்லைக்குள் காவல் ஆணையரிடமும், ஊரகத்தில் மாவட்ட ஆட்சியரிடமும் செல்ல வேண்டும்" என்றேன்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இவற்றை மேலும் செம்மைப்படுத்தியிருப்பதையும் விளக்கினேன். விண்ணப்பிப்பவர் உடல்நலமும் மனநலமும் பற்றிய மருத்துவச் சான்று தர வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வதற்கு எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும். காணாமற்போனால் உடனே காவல் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. உரிமத்தின் காலம் ஐந்தாண்டு. திருமண மகிழ்ச்சியில் பிறர்க்கு ஆபத்து நேருமாறு வானத்தை நோக்கிச் சுட்டாலும் ஈராண்டுவரை சிறை வாய்க்கும். தேர்தல் காலத்தில் உரிமம் பெற்றோரும் அதிகாரிகள் பணிக்குமிடத்துத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, முடிவுகள் வெளியானபின் திரும்பப் பெறுகின்றனர்.

அனைத்தையும் கேட்டுக்கொண்ட அவன், "பெட்டி எத்தகையதாக இருக்க வேண்டும் மாமு?" என்று வினவினான். இரும்புப் பெட்டியாயினும் சுவரோடு பிணைத்திருக்க வேண்டும். துப்பாக்கி ஓரிடம், குண்டு வேறிடம். சாவி இருக்குமிடம் பிள்ளைகளுக்குத் தெரியலாகாது. தொழப் போகும் ஐந்து நிமிடமாயினும் பூட்டிவிட்டே போக வேண்டும் என்றேன். அப்பொழுதுதான் என் தங்கை வாய் திறந்தாள். ஒன்பது வயதில் தான் பாய் சுருட்டிய அந்தக் காலைப்பொழுதை மகனிடம் கூறினாள். அவன் தன் தாயின் முகத்தையும் என் கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அன்று அந்தக் கேப்பு முளையில் இருந்திருந்தால் அவன் இவ்வுலகில் இல்லை என்பதை அவனுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் விண்ணப்பிப்பானா, மாட்டானா என்பது அவன் முடிவு. தனித்த தோட்டத்தில் வாழ்பவனுக்குத் தேவை இருக்கவும் கூடும். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கின்றது. நான் தடுக்கவில்லை. விடைபெறும்பொழுது, "மாமு, முதலில் தோட்டத்துக்கு அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன்" என்றான். என் அத்தா இருந்திருந்தால் இதனையே அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்.

தேக்குப் பெட்டி இன்றும் என்னிடம் உள்ளது. அதில் இப்பொழுது என் நூல்களும், இக்கல்லூரியில் தமிழ் பயின்ற காலத்துக் குறிப்பேடுகளும், 1993-ஆம் ஆண்டின் அந்த ரசீதும் இருக்கின்றன. பெட்டியை நான் பூட்டுவதில்லை. சாவியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கின்றேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கைகளிலும் நாளை பல சாவிகள் ஒப்படைக்கப்படும். பதவி ஒரு சாவி. எழுதுகோல் ஒரு சாவி. வாகனத்தின் சாவியும் சாவியே. எவருடைய உயிர் எந்தப் பூட்டுக்குப் பின்னே இருக்கின்றது என்பதை உணர்ந்து, ஒரு தொழுகை நேரத்துக்கும் அயராமல் அவற்றைக் காத்து நிற்கும் அருளை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் வழங்குவானாக. ஆமீன்.